விசாலாக்ஷியின் மூக்கும் ஒரு ட்ரே செஸ்ட்நட் ஸ்டஃபிங்கும்

டெக்சாஸில் ஆலன் நகரத்துத் தமிழர்களில் விசாலாக்ஷி கையால் ஒரு வேளையாவது சாப்பிடாதவர் இருந்தால், அவர் போன மாதம்தான் குடிவந்தவராக இருக்க வேண்டும். தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவானாலும் சரி, சித்திரை வருடப் பிறப்புச் சாப்பாடானாலும் சரி, யார் வீட்டு வளைகாப்பானாலும் சரி, அண்டாவுக்குப் பக்கத்தில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்பவள் அவள்தான். நிற்கிறாள் என்று சொல்வதுகூடக் குறைவு. ஆட்சி நடத்துகிறாள்.

வயது ஐம்பத்தேழு. பகலில் ஒரு பல் டாக்டரின் ஆபீஸில் ஃப்ரன்ட் டெஸ்க் வேலை. தாமதமாக வந்துவிட்டு டிராஃபிக் என்று கதை சொல்லும் ஆறடி டெக்சாஸ்காரர்களைக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பாள். அவர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு மன்னிப்புக் கேட்பார்கள். கல்யாணமாகி விழுப்புரத்திலிருந்து வந்து இறங்கியபோது அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் பரீட்சை எழுத மட்டும்தான் உதவும். கணவர் சேனாபதி டெலிகாம் கம்பெனிக்குக் கிளம்பிப் போனதும், டிவியில் வானிலை அறிக்கை பார்த்துப் பார்த்தே பேசக் கற்றுக்கொண்டாள். அதனால்தான் இன்றைக்கும் அவள் ஆங்கிலம் பேசினால் புயல் எச்சரிக்கை மாதிரி இருக்கிறது என்பார் சேனாபதி. அவள் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துச் சொல்வார்.

சமையலில் அவளுக்கு இரண்டு பெருமைகள். ஒன்று, சமைக்கும்போது எதையும் வாயில் வைத்துப் பார்க்க மாட்டாள். சைவக் குடும்பத்தில் பிறந்தவள். சாமிக்குப் படைக்கும் முன்னால், விருந்தாளி சாப்பிட உட்காரும் முன்னால், சமைக்கிறவள் ருசி பார்த்துவிட்டால் அது எச்சில். அவள் அம்மா பார்த்ததில்லை, மாமியார் பார்த்ததில்லை, இவளும் பார்த்ததில்லை. இரண்டாவது பெருமை, அதற்கு அவசியமே இல்லை என்பது. கொதிக்கிற சாம்பாருக்கு மேலே குனிந்து ஒரு மூச்சு இழுத்தால் போதும். "உப்பு அரைக் கரண்டி கம்மி" என்பாள். போட்டுக் கிளறினால் சரியாக இருக்கும். உப்புக்கு ஏது வாசனை என்று படித்தவர்கள் கேட்பார்கள். கேட்டவர்களும் இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். ஒரு தடவை ஒரு அம்மாள், படைக்கிறதுக்கு முன்னால் மோந்து பார்ப்பதும் தோஷம்தானே என்று ஆரம்பித்தார். "அப்போ மூக்கைக் கழட்டி வீட்ல வச்சுட்டு வரட்டுமா?" என்று விசாலாக்ஷி கேட்டாள். அந்த அம்மாள் அதற்கப்புறம் வாயைச் சாப்பிட மட்டும்தான் திறந்தார்.

அந்த மூக்குதான் போன பிப்ரவரியில் போய்விட்டது.

சாதாரண வைரல் ஜுரம். சில நாள் படுத்துக் கிடந்து எழுந்தாள். உடம்பு தேறிவிட்டது என்று நினைத்து ரசம் வைத்தாள். அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தாள். ரசம் சுண்டி, பருப்பு அடியில் பிடித்து, கருகி, கூரையில் இருந்த அலாரம் கத்திய பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். வீடெல்லாம் புகை. அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. காபிப் பொடி டப்பாவைத் திறந்து மூக்குக்குக் கீழே வைத்தாள். ஒன்றுமில்லை. கிராம்பைக் கசக்கிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. கடைசியில் பெருங்காய டப்பாவுக்குள் மூக்கை விட்டும் எதுவும் வராதபோது, அப்படியே கிச்சன் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எதற்கும் பயப்படாதவள் அன்றைக்குப் பயந்துபோனாள்.

டாக்டர், நரம்பு பாதித்திருக்கிறது, திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார். விசாலாக்ஷி நன்றி சொல்லிவிட்டு வந்து, யாரிடமும் மூச்சு விடவில்லை. கணவரிடமும் சொல்லவில்லை. ஆஸ்டினில் வேலை பார்க்கும் மகள் மானஸாவிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். முதலில் எல்லோரும் "பாவம்" என்பார்கள். அந்த ஒரு வார்த்தையை அவளால் தாங்க முடியாது. அப்புறம் மெதுவாக, மரியாதையாக, "நீங்க உட்காருங்க ஆன்ட்டி, நாங்க பார்த்துக்கறோம்" என்று அண்டா பக்கத்திலிருந்து நகர்த்தி நாற்காலியில் உட்கார வைப்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்த விசாலாக்ஷியை விசாலாக்ஷிக்கே அடையாளம் தெரியாது.

ஆகவே கடிகாரத்தைப் பார்த்துச் சமைத்தாள். கண்ணை நம்பிச் சமைத்தாள். சித்திரை விழாவுக்கு அதே கையளவில் சாம்பார் வைத்தாள். எல்லோரும் வழக்கம்போல "சூப்பர் ஆன்ட்டி" என்றார்கள். சேனாபதி எதைப் போட்டாலும் டென்னிஸ் மேட்ச் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார், அவர் ஒரு கணக்கே இல்லை. ஆக, வெளியே ஒரு குறையும் இல்லை. உள்ளேதான் கஷ்டம். எதைச் சாப்பிட்டாலும் ஈரத் துணியை மெல்கிற மாதிரி இருந்தது. பசிக்குச் சாப்பிட்டாள், அவ்வளவுதான். ஜாக்கெட் எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. டயட் என்று சொல்லிச் சமாளித்தாள்.

நவம்பர் வந்தது. அவள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி ஓவியா இருக்கிறாள். முப்பத்தைந்து வயது, ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட், இந்த வருடம் தமிழ்ச் சங்கத்துச் செயலாளரும் அவளே. அமெரிக்கர்களின் நன்றித் திருநாளான தேங்க்ஸ்கிவிங்கில் விருந்து எப்போதும் அவள் வீட்டில்தான். அசைவக்காரர்களுக்கு அவள் டர்க்கி என்கிற வான்கோழிக்கு இஞ்சி பூண்டும் மிளகும் தடவி முழுசாக ரோஸ்ட் பண்ணுவாள். சைவக்காரர்களுக்கு விசாலாக்ஷியின் வத்தக்குழம்பும் உருளைக்கிழங்கு வறுவலும். இந்த விருந்தில்தான் ஜனவரிப் பொங்கல் சாப்பாட்டுக்கு யார் பொறுப்பு என்று பேசி முடிப்பார்கள். நானூறு பேருக்குச் சமையல். யார் என்பதில் இதுவரை சந்தேகமே வந்ததில்லை.

ஓவியா போன் பண்ணினாள். "ஆன்ட்டி, வழக்கம்போல உங்க வத்தக்குழம்புதானே?"

"இந்த வருஷம் இல்லை. நான் ஸ்டஃபிங் பண்றேன். செஸ்ட்நட் ஸ்டஃபிங்."

"நீங்களா ஆன்ட்டி?"

"ஏன், நான் வச்சா ஓவன் சூடாகாதா?"

"ஐயோ, அப்படி இல்ல ஆன்ட்டி. சரி, நீங்க மிக்ஸ் பண்ணிக் குடுத்துடுங்க, நான் டர்க்கி உள்ள வச்சு..."

"உன் டர்க்கி வயித்துக்குள்ள என் சாப்பாடு போகாது. தனி ட்ரேல வரும். அதைத்தான் இந்த ஊர்க்காரங்க டிரெஸ்ஸிங்னு சொல்றாங்க. நல்ல பேர்தான், கூப்பிட்டுக்கட்டும்."

அவள் கணக்கு இதுதான். வத்தக்குழம்பு எப்படி மணக்க வேண்டும் என்று அந்த மேஜையில் எல்லோருக்கும் தெரியும். போன வருடத்து மணம் இன்னும் ஞாபகம் இருக்கும். செஸ்ட்நட் என்கிற கொட்டையை ரொட்டியோடு சேர்த்துச் செய்யும் ஸ்டஃபிங் எப்படி மணக்க வேண்டும் என்று அங்கே யாருக்குத் தெரியும்? ஒருத்தருக்கும் தெரியாது. சரியாக வந்தால் விசாலாக்ஷிக்கு இங்கிலீஷ் சமையலும் அத்துப்படி என்பார்கள். சரியாக வராவிட்டால் அமெரிக்கச் சாப்பாடே இப்படித்தான் என்று விட்டுவிடுவார்கள். மூக்கில்லாமல் ஒரு விருந்தைச் சமாளித்துவிட்டால், பொங்கலையும் சமாளித்துவிடலாம். மூக்கு போனாலும் மூளை போகவில்லை பாருங்கள்.

செய்முறையை ஆபீஸில் கூட வேலை பார்க்கும் டெபி சொல்லிக்கொடுத்தாள். டெபி மாசசூசெட்ஸ்காரி. ஒவ்வொரு நவம்பரிலும் தன் வீட்டு செஸ்ட்நட் ஸ்டஃபிங் பற்றிப் பேசிப் பேசி அழுகிற நிலைக்கு வந்துவிடுவாள். அவள் சொன்னதில் ஒரே ஒரு சங்கடம். செஸ்ட்நட்டை எவ்வளவு நேரம் வறுக்க வேண்டும்? வீடு மணக்கும்வரை. வெங்காயத்தை எவ்வளவு நேரம் வதக்க வேண்டும்? இனிப்பு வாசம் வரும்வரை. சேஜ் என்கிற மூலிகை இலை? வாசம் கிளம்பும்வரை. உலகத்தில் எல்லா ஊர்க்காரிகளும் மூக்கால்தான் சமைக்கிறார்கள் என்று விசாலாக்ஷிக்கு அன்றைக்குத் தெரிந்தது. "ஓகே, ஓகே" என்று தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை சேனாபதியைக் கார் ஓட்ட வைத்துக் கொரியன் கடைக்குப் போனாள். கூடை நிறைய செஸ்ட்நட் குவித்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் நின்ற பெண் கைக்கு வந்ததை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு போனாள். விசாலாக்ஷி ஒவ்வொன்றாக எடுத்தாள். கட்டை விரலால் அழுத்தினாள். தோல் உள்ளே அமுங்கினால் வேண்டாம், உள்ளே காய்ந்து சுருங்கியிருக்கிறது. கல் மாதிரி இறுகி, கையில் கனத்து, எண்ணெய் தடவின மாதிரி பளபளத்தால் நல்லது.

"தங்கமா வாங்கறே விசாலம்?" என்றார் சேனாபதி.

"நீங்க போய் கேரட் எடுத்துட்டு வாங்க."

அவர் போய்விட்டார். கல்யாணம் நிலைப்பதற்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

புதன்கிழமை சாயங்காலம் வேலை ஆரம்பித்தது. செஸ்ட்நட்டைத் தண்ணீரில் கொட்டினாள். மிதந்ததைத் தூக்கி எறிந்தாள். ஒவ்வொன்றின் தட்டையான முதுகிலும் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறினாள். கீறாமல் சூட்டில் போட்டால் வெடிக்கும் என்று டெபி மூன்று தடவை எச்சரித்திருந்தாள். பலாக்கொட்டை சுட்டுத் தின்று வளர்ந்தவளுக்கு இதைச் சொல்ல வேண்டுமா? ஓவனில் வைத்தாள். வாசத்துக்குக் காத்திருக்க வழியில்லை. கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள். கீறின இடத்தில் ஓடு சுருண்டு, பூ விரிகிற மாதிரி விலகி, உள்ளே வெளிர் மஞ்சள் தெரிந்தது. அதுதான் பதம் என்று அவளாகவே முடிவு செய்தாள். ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினாள். வெந்த உருளைக்கிழங்கு மாதிரி உடைந்தது. சரியான முடிவு.

சூடாக இருக்கும்போதே உரித்தால்தான் உள்தோல் கழன்று வரும். கொதிக்கிற இட்லித் தட்டை வெறும் கையால் தூக்குகிற விரல்கள் அவளுடையவை. உரித்துத் தள்ளினாள்.

பிரெஞ்சு ரொட்டியைத் துண்டு துண்டாக வெட்டி, துணி போட்டு மூடி, ராத்திரி முழுக்கக் காயவிட்டாள். காலையில் பார்த்தால் ஒரு ஓரம் காலியாக இருந்தது. சேனாபதி ரஸ்க் என்று நினைத்துக் காபியில் தோய்த்துச் சாப்பிட்டிருந்தார். "காபிக்கு நல்லா செட் ஆச்சு" என்று சர்ட்டிஃபிகேட் வேறு கொடுத்தார்.

வியாழக்கிழமை காலை வாணலியில் வெண்ணெயைப் போட்டபோதுதான் அவள் ஒன்றைக் கவனித்தாள். வெண்ணெய் பேசுகிறது. தண்ணீர் இருக்கும்வரை சடசடவென்று சத்தம் போட்டது. தண்ணீர் வற்றியதும் சத்தம் அடங்கி மெல்லிய சலசலப்பானது. அப்போது வெங்காயத்தைப் போட்டாள். அதற்கு ஒரு சத்தம்; அது குறைந்து, ஓரம் தேன் நிறமானதும் பொடியாக நறுக்கிய செலரி. சேஜ் இலை வெண்ணெயில் விழுந்ததும் சிலிர்த்து, மொறுமொறுவென்று ஆனதும் அமைதியானது. இத்தனை வருடமாக மூக்கு முன்னால் நின்று மறைத்துக்கொண்டிருந்ததால் காதுக்கு வேலையே கொடுத்ததில்லை. அவளுக்குப் பழைய தெம்பு வந்தது. கறிவேப்பிலை கொஞ்சம் போடலாமா என்று கை ஒரு தடவை போனது. கூடாது. நம் ஊர் வாசனை சேர்ந்தால் நம் ஊர்க்காரர்கள் எடைபோட ஆரம்பித்துவிடுவார்கள்.

ரொட்டியும், உடைத்த செஸ்ட்நட்டும், வதக்கியதும் பெரிய பாத்திரத்தில் சேர்ந்தன. கடையில் வாங்கிய காய்கறிச் சூப்பை டப்பாவிலிருந்து ஊற்றினாள். பாத்திரத்தைப் பார்த்து, கை தானாக அளந்து, உப்பைப் போட்டது. பிசிறிக் கலந்தாள். ட்ரேயில் பரப்பி ஓவனில் வைத்தாள். வெளியே எடுத்தபோது மேலே பொன்னிறமாக மொறுமொறுத்து, செஸ்ட்நட் துண்டுகள் அங்கங்கே எட்டிப் பார்த்தன. பார்க்க அவ்வளவு அழகு.

குனிந்தாள். மூச்சை இழுத்தாள். பழக்க தோஷம். சூடு மட்டும் முகத்தில் அடித்தது.

உப்பு சரியா? தெரியாது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, தான் செய்த சாப்பாடு எப்படி இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. சித்திரைச் சாம்பாரில் இந்தக் கேள்வியை மூடிமறைத்துவிட்டாள். இன்றைக்கு முடியவில்லை. சேனாபதி வாசலில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். ராத்திரி ஆஸ்டினிலிருந்து வந்த மானஸா மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். விசாலாக்ஷி நடந்துபோய்ப் பூஜை அலமாரியின் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து ஒரு ஸ்பூனை எடுத்தாள். ஓரத்திலிருந்து கொஞ்சம் அள்ளினாள். வாயில் போட்டாள்.

கரித்தது. உப்பு, உப்பு, தாராளமான உப்பு. மூக்குதான் போயிருக்கிறதே தவிர நாக்கு பத்திரமாக இருந்தது, இத்தனை நாள் அதைக் கேட்கத்தான் அவளுக்குத் தோன்றவில்லை. சூப்பு டப்பாவில் ஏற்கெனவே உப்பு, வெண்ணெயிலும் உப்பு, அதற்கு மேல் இவள் கை. தலையில் அடித்துக்கொள்ளப் போனவள் நின்றாள். பல்லுக்கு நடுவில் ஒரு செஸ்ட்நட் துண்டு உடைந்தது. மாவாகக் கரைந்து இனித்தது. மேலே இருந்த ரொட்டி நறுக்கென்றது, கீழே இருந்தது வெண்ணெயாக வழுக்கியது, நடுவில் செலரி கடுக்கென்று கடிபட்டது. பத்து மாதமாக ஈரத் துணி மென்ற வாய்க்குள் திடீரென்று ஏதோ நடந்தது. சந்தோஷத்தில் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. செஸ்ட்நட்டாகப் பார்த்துப் பொறுக்கி இன்னொரு ஸ்பூன் அள்ளினாள். அப்புறம் இன்னொன்று.

"அம்மா? ஆர் யூ டேஸ்டிங்?"

மாடிப்படியில் மானஸா நின்றுகொண்டிருந்தாள். அம்மா சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தாலும் அந்தப் பெண் இவ்வளவு அதிர்ச்சியாகியிருக்க மாட்டாள். விசாலாக்ஷியின் வாய் நிறைய ஸ்டஃபிங். மென்று முழுங்கும்வரை பதில் சொல்ல முடியவில்லை. முழுங்கியதும் பொய் சொல்லத் தெம்பில்லை.

"எனக்கு வாசனை தெரியலைடி. பிப்ரவரியிலேர்ந்து."

மானஸா வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். உடனே விலகி, அடுப்பைப் பார்த்தாள். "வாட் இஃப் தேர்ஸ் எ கேஸ் லீக், அம்மா? யூ வுடன்ட் ஈவன் நோ!"

"அதுக்கு ஒரு அலாரம் வாங்கி வச்சிருக்கேன். நான் என்ன மக்கா? இப்போ அழறதுக்கு நேரமில்லை. உப்பு அதிகமாப் போச்சு, அந்த ரொட்டியை டோஸ்ட் பண்ணு."

காய்ந்த பிரெஞ்சு ரொட்டி சேனாபதியின் வயிற்றில் இருந்ததால், சாண்ட்விச் ரொட்டியைத்தான் டோஸ்ட் பண்ணிப் பிய்த்துப் போட்டார்கள். மீதியிருந்த செஸ்ட்நட்டை எல்லாம் உடைத்துச் சேர்த்தார்கள். உப்பில்லாத வெந்நீர் தெளித்து மறுபடி ஓவனில் வைத்தார்கள். மானஸா ருசி பார்த்து, இட்ஸ் பெட்டர் என்றாள். விசாலாக்ஷியும் பார்த்தாள். குறைந்திருந்தது. போகவில்லை.

"பொங்கலுக்கு வாட் வில் யூ டூ, அம்மா?" என்றாள் மானஸா. "அங்க டேஸ்ட் பண்ண மாட்டே இல்ல?"

"அதை நான் பார்த்துக்கறேன்" என்றாள். சொன்ன வேகத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஓவியா வீட்டுக்கு ட்ரேயைத் தூக்கிக்கொண்டு நடந்த அந்த நாலு வீட்டுத் தூரமும் அந்தக் கேள்வி கூடவே வந்தது. சாமிக்குப் படைக்கும் முன்னால் நாக்கில் வைக்க முடியாது. மூக்கு இல்லை. அப்புறம் எதை வைத்து நானூறு பேருக்குச் சமைப்பாள்?

ஓவியாவின் கணவர் மணியன் டர்க்கியை வெட்டிக்கொண்டிருந்தார். மேஜையில் பொரியல், மாஷ்டு பொட்டேட்டோ, யாரோ செய்த பனீர். ஸ்டஃபிங் ட்ரே நடுவில் போய் உட்கார்ந்தது. எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். விசாலாக்ஷி தன் தட்டில் மலை மாதிரி அள்ளி வைத்துக்கொண்டதைப் பார்த்து சேனாபதி புருவத்தை உயர்த்தினார். அவள் கண்டுகொள்ளவில்லை. ஆற அமர, ஒவ்வொரு செஸ்ட்நட்டாக மென்று சாப்பிட்டாள்.

"சூப்பர் ஆன்ட்டி" என்றாள் ஓவியா. "அப்புறம், பொங்கல் விஷயம். கம்யூனிட்டி சென்டர் புக் பண்ணிட்டேன். கிச்சனுக்கு உங்க பேர் போட்டுடறேன், சரிதானே?"

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். கேள்வி என்று அதை யாரும் நினைக்கவே இல்லை. மானஸா மட்டும் அம்மாவைப் பார்த்தாள். விசாலாக்ஷி வாயில் இருந்ததை மென்று முடித்தாள். ஒரு வார்த்தை, "போடு" என்று சொன்னால் போதும். அண்டா அவளுடையது. ஆனால் அண்டாவின் அடியில் கருகினால் யார் சொல்வார்கள்? பிறந்த நாள் முதல் நல்ல நாள் வரை அவளை நம்பிக் கையை நீட்டுகிற ஜனங்கள். தெரிந்தே அவர்கள் தட்டில் கண்ணை மூடிக்கொண்டு எதையாவது போட அவளுக்கு மனசு வரவில்லை. பேர் போனால் போகட்டும். சாப்பாடு கெடக்கூடாது.

"எனக்கு மூக்கு போயிடுச்சு ஓவியா. ஜுரம் வந்ததே பிப்ரவரியில, அதுலேர்ந்து வாசனையே தெரியறதில்லை. யார்கிட்டயும் சொல்லலை. அதை யோசிச்சு அப்புறம் பேர் போடு."

மணியனின் கத்தி நின்றது. முதலில் வாயைத் திறந்தது சேனாபதிதான்.

"அடிப்பாவி! நான் எனக்குத்தான் நாக்கு செத்துப்போச்சுன்னு நினைச்சேன். சொன்னா நீ வருத்தப்படுவேன்னு ஆறு மாசமா ஜிங்க் மாத்திரை முழுங்கிட்டிருக்கேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். விசாலாக்ஷிக்கும் சிரிப்பு வந்தது. தான் ஒரு கணக்கிலும் சேர்க்காத மனுஷன் இத்தனை நாள் அவளுக்காக மறைத்துக்கொண்டு மாத்திரை தின்றிருக்கிறாரே என்று அவர் தட்டில் இன்னொரு கரண்டி ஸ்டஃபிங் வைத்தாள். ஓவியா மட்டும் சிரிக்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, நான் ஒண்ணு சொல்லணும். ஏப்ரல்ல உங்க சாம்பார்ல உப்பே பத்தலை. பெருங்காயமும் பத்தலை. நீங்க புடவை மாத்திக்கப் போனீங்கல்ல, அப்போ நாங்க எல்லாம் சேர்ந்து போட்டுக் கலந்துட்டோம்."

விசாலாக்ஷிக்கு முகம் சிவந்தது. அத்தனை "சூப்பர் ஆன்ட்டி"யும் பொய். தான் ஆட்சி செய்ததாக நினைத்த அண்டாவை முதுகுக்குப் பின்னால் வேறு கைகள் சரிசெய்திருக்கின்றன. பாவம் என்று யாரும் சொல்லக்கூடாது என்றுதானே இவ்வளவு பாடும்? அவர்கள் சொல்லவில்லை, செய்தே முடித்துவிட்டார்கள்.

"ஏன் எங்கிட்ட சொல்லலை?" அவள் குரல் உயர்ந்தது.

"உங்ககிட்ட யாரு சொல்றது ஆன்ட்டி?" ஓவியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பயமா இருந்துச்சு."

விசாலாக்ஷி தன் தட்டைத் தள்ளி வைத்தாள். இவர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்று அவள் பயந்தாள். அவளிடம் சொல்லிவிட்டால் என்ன ஆகுமோ என்று இவர்கள் பயந்தார்கள். நடுவில் ஒரு அண்டா சாம்பார். மூக்கு போனதைவிட இதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது. நாளைக்கே மூக்கு திரும்பி வந்தாலும் இதை அது சரிசெய்யாது.

ட்ரேயை ஓவியாவின் பக்கம் நகர்த்தினாள். "இன்னொரு வாய் சாப்பிடு."

ஓவியா சாப்பிட்டாள்.

"உப்பு எப்படி இருக்கு?"

"செஸ்ட்நட் எல்லாம் ரொம்ப நல்லா..."

"உப்பைக் கேட்டேன்."

ஓவியா மணியனைப் பார்த்தாள். அவர் டர்க்கியைப் பார்த்தார். அவள் ஒரு மூச்சை இழுத்து விட்டுவிட்டு, விசாலாக்ஷியின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"கொஞ்சம் தூக்கலா இருக்கு ஆன்ட்டி."

விசாலாக்ஷிக்கு அது காலையிலேயே தெரியும். ஆனாலும் அந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து ஒருவர் சாப்பிட்ட கையோடு முகத்துக்கு நேராகக் குறை சொல்லிக் கேட்பது இதுதான் முதல் தடவை. கோபம் வருமென்று காத்திருந்தாள். வரவில்லை. உடம்பெல்லாம் இலேசானது.

"பேர் போடு" என்றாள். "என் பேரையும் போடு, பக்கத்துல உன் பேரையும் போடு. சாமிக்கு ஒரு கிண்ணம் எடுத்து வச்சதும் உப்பை நான் நாக்குல வச்சுப் பார்த்துக்கறேன். காயம் கம்மியா, அடி பிடிக்குதா, அதை நீ மோந்து பார்த்துச் சொல்லு. இப்போ சொன்ன மாதிரியே என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லணும். நான் புடவை மாத்தப் போற நேரம் பார்த்து உப்பு போடற வேலை இனிமே வேண்டாம்."

"கத்துவீங்களே ஆன்ட்டி?"

"கத்துவேன்" என்றாள் விசாலாக்ஷி. "அதுக்கப்புறமும் சொல்லு."